அப்பத்தைக் காக்கிறவன்



சென்ற ஞாயிற்றுக்கிழமை மத்தேயு 20 ஆம் அதிகாரத்தைத் தியானித்தோம். செபெதேயுவின் குமாரருடைய தாய் தன் மக்கள் இருவருக்கும் வலதுபாரிசத்தில் ஓர் இடமும் இடதுபாரிசத்தில் ஓர் இடமும் கேட்டு வந்தாள். மற்றப் பத்துப்பேரும் எரிச்சலடைந்தார்கள். அந்த இடங்கள் வேண்டாம் என்று இருந்தவர்களுக்கு எரிச்சல் வந்திருக்குமா? தேர்தல் காலம் நெருங்கி, பேருக்கு முன்னும் பின்னும் பட்டங்கள் நிறைந்த சுவரொட்டிகள் ஆலய மதிலைத் தாண்டித் தெருமுனை வரை ஒட்டப்பட்டிருக்கும் இந்நாட்களில், அந்த வேதபகுதியை ஒரே வாரத்தில் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. ஆகையால் இந்த வாரத் தியானத்தைச் சற்று வேறு வழியாக நடத்திச் செல்ல அனுமதி கேட்கிறேன். திருச்சபையிலும் அரசாங்கத்திலும் வழங்கிவரும் ஆங்கிலப் பதவிப்பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். அவற்றில் சில நம் திருமண்டலங்களிலும் அலுவலகங்களிலும் இன்றும் வாழ்கின்றன.

முதலில் 'லார்டு' என்னும் சொல். ஆங்கிலத்தில் கடவுளையும் அப்படி அழைக்கிறார்கள், பிரபுக்களையும் அப்படி அழைக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் அது 'ஹ்லாஃபோர்ட்' என்று இருந்தது. அதற்கும் முந்தைய வடிவம் 'ஹ்லாஃப்வேர்ட்'. ஹ்லாஃப் என்றால் அப்பம். வேர்ட் என்றால் காவலன். வீட்டில் உள்ளவர்களுக்கும் வேலை செய்கிறவர்களுக்கும் அன்றாட அப்பம் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளுகிறவனே லார்டு. அவன் மனைவி 'ஹ்லாஃப்டியே', அதாவது அப்ப மாவு பிசைகிறவள். அந்தச் சொல் தேய்ந்து 'லேடி' ஆயிற்று. பட்டுடை உடுத்தி நாற்காலியில் வீற்றிருக்கும் சீமாட்டியின் பட்டத்துக்குள் மாவு ஒட்டிய இரண்டு கைகள் மறைந்திருக்கின்றன! அந்த வீட்டை அண்டிப் பிழைத்தவனுக்கும் ஒரு பெயர் இருந்தது. 'ஹ்லாஃப்-ஏட்டா', அதாவது அப்பம் உண்பவன். காப்பவன், பிசைகிறவள், உண்பவன் என்று ஒரே அப்பத்தைச் சுற்றி மூன்று பெயர்கள்.

இந்த 'அப்பம் உண்பவன்' என்ற சொல்லை நமக்குக் காத்துத் தந்திருப்பது ஒரு சட்டநூல். கென்ட் நாட்டு அரசர் ஈதல்பெர்ட் 597 இல் வந்திறங்கிய அகஸ்டீன் என்னும் ஊழியர் வழியாகக் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார். ஏறத்தாழ 600 ஆம் ஆண்டளவில் அவர் எழுதுவித்த சட்டங்களே ஆங்கில மொழியில் எழுதப்பட்டவற்றுள் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நூல். அதன் முதல் வரிகள் திருட்டைப் பற்றியவை. கடவுளுடைய உடைமையையும் சபையின் உடைமையையும் திருடியவன் பன்னிரண்டு மடங்கு திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆயருடைய பொருளுக்குப் பதினொரு மடங்கு, குருவானவருடையதற்கு ஒன்பது, உதவிக்காரருடையதற்கு ஆறு, கீழ்நிலை ஊழியருடையதற்கு மூன்று. சற்றுக் கீழே அரசருடைய பொருளுக்கு ஒன்பது மடங்கு என்று வருகிறது. அதாவது அரசரும் ஒரு சாதாரணக் குருவானவரும் சமம். ஆயரோ அரசரையும் விட இரண்டு மடங்கு மேல். சுவிசேஷம் அந்த மண்ணில் வேரூன்றிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அதற்குள் ஊழியத்தின் படிகளுக்கு எண் போட்டு விலை எழுதியாயிற்று. சபையைக் காக்கவேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடுதான் அதை எழுதினார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அந்தப் பட்டியலை வாசிக்கும்போது செபெதேயுவின் மனைவி என் நினைவுக்கு வருகிறாள்.

கடவுளைக் குறிக்க அக்காலத்து ஆங்கிலேயர் பெரும்பாலும் பயன்படுத்திய சொல் வேறு. 'ட்ரிஹ்டென்' என்றார்கள்; போர்வீரர் கூட்டத்தின் தலைவன் என்பது அதன் பழம்பொருள். காலப்போக்கில் அந்தப் போர்த்தலைவன் வழக்கொழிந்து போனான். அப்பத்தைக் காக்கிறவனே அந்த இடத்தில் நிலைத்தான். பெத்லகேம் என்றால் அப்பத்தின் வீடு என்பதை நாம் ஒவ்வொரு கிறிஸ்மஸிலும் சொல்லிக்கொள்ளுகிறோம். அங்கே பிறந்தவர் அப்பத்தைக் காப்பதோடு நிற்கவில்லை. தாமே அப்பம் என்றார். எந்த மொழியின் பட்டமும் அதுவரை எட்டியதில்லை.

அரசாங்கத்துப் பெயர்களுக்கு வருவோம். 'மார்ஷல்' என்றால் இன்று படைத்தலைவர். பழைய ஜெர்மானிய மொழியில் அதன் பொருள் குதிரைக்காரன், குதிரைக்குப் பணிவிடை செய்யும் வேலையாள். 'கான்ஸ்டபிள்' என்பது இலத்தீனில் இலாயத்தின் அதிகாரி. 'நைட்' என்று வாளால் தோளைத் தொட்டு வழங்கப்படும் வீரப்பட்டம் பழைய ஆங்கிலத்தில் பையன், வேலைக்காரப் பையன் என்றே பொருள்பட்டது. 'மினிஸ்டர்' என்பது இலத்தீனில் சிறியவன், பணியாள். பெரியவன் என்று பொருள்படும் 'மாஜிஸ்டர்' என்ற சொல்லுக்கு எதிராக அது வழங்கிற்று. ஆகவே அமைச்சரும் சரி, ஆங்கிலத்தில் மினிஸ்டர் என்றே அழைக்கப்படும் போதகரும் சரி, பெயரளவில் ஒரே வேலைக்காரர்கள்தாம்.

'ஷெரீஃப்' என்ற பெயரில் சற்று நின்று பார்க்கவேண்டும். 'ஷையர்' என்பது மாவட்டம். அந்தச் சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் 'ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு' என்றும் பொருள் உண்டு. 'ரீவ்' என்பவன் காரியஸ்தன். இரண்டும் சேர்ந்ததே ஷெரீஃப். அரசருக்குரிய வரியை வசூலித்து, நீதிமன்றத்தை நடத்தி, குற்றவாளியைப் பிடித்து, மாவட்டத்தில் அரசரின் கையாக நின்றவர் அவர். எங்கே வசூல் இருக்கிறதோ அங்கே சோதனையும் இருக்கிறது. 1170 இல் இரண்டாம் ஹென்றி மன்னர் எல்லா ஷெரீஃபுகள்மேலும் ஒரு விசாரணை வைத்து, பெரும்பாலோரைப் பதவியிலிருந்து நீக்கினார். அதனால் நிலைமை நிரந்தரமாகத் திருந்திவிடவில்லை. 1215 இல் ஜான் மன்னர் முத்திரையிட்ட மேக்னா கார்ட்டாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஷெரீஃபோ அவருடைய ஆளோ சுதந்தரமுள்ள ஒருவனுடைய குதிரையையும் வண்டியையும் அவன் சம்மதமின்றி எடுக்கக்கூடாது. கான்ஸ்டபிள் ஒருவருடைய தானியத்தை எடுத்தால் உடனே பணம் கொடுக்கவேண்டும். சட்டம் தெரிந்து அதைக் கைக்கொள்ள மனதுள்ளவர்களையே இந்தப் பதவிகளில் வைக்கவேண்டும். உரிமைகளின் பெரும் சாசனம் என்று உலகம் போற்றும் அந்த ஏட்டில், ஓர் ஏழையின் வண்டியும் மூட்டைத் தானியமும் இடம்பெற்றிருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1611 இல் வேதாகமத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்கள், தானியேல் 3 ஆம் அதிகாரத்தில் நேபுகாத்நேச்சாரின் பொற்சிலைக்கு முன் வந்து நின்ற அதிகாரிகளின் வரிசையிலும் ஷெரீஃபுகளைச் சேர்த்துவிட்டார்கள். பாபிலோனுக்கு ஷெரீஃப் ஏது என்று கேட்கவேண்டாம். தங்கள் ஊர் வாசகருக்கு உடனே விளங்கட்டும் என்று எழுதினார்கள். சென்னை மாநகருக்கும் ஒரு காலத்தில் ஷெரீஃப் இருந்ததை நம்மில் மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அதிகாரமெல்லாம் கழன்று, விருந்தினரை வரவேற்கும் கௌரவப் பதவியாக அது இங்கே முடிந்தது.

'சான்சலர்' என்ற பெயர் ஆலயத்தோடும் நெருங்கியது. இலத்தீனில் 'கான்செல்லி' என்றால் கம்பித் தடுப்பு. நீதிமன்றத்தில் அந்தத் தடுப்பின் அருகே நின்ற ஏவலாள் 'கான்செல்லாரியுஸ்'. பழைய ஆலயங்களில் பீடப்பகுதியை மக்கள் அமரும் பகுதியிலிருந்து பிரித்த தடுப்பும் அதே சொல்தான். அதனாலேயே அந்தப் பகுதிக்குச் 'சான்சல்' என்று பெயர். தடுப்பருகே நின்றவன் படிப்படியாக எழுத்தராகி, முத்திரை காப்பவராகி, நாட்டின் உயர்ந்த அதிகாரியானான். தாமஸ் பெக்கெட் அப்படி இரண்டாம் ஹென்றியின் சான்சலராக இருந்தவர். நண்பரே பேராயரானால் சபையும் தம் கைக்குள் வரும் என்று எண்ணி, 1162 இல் அரசர் அவரைக் கான்டர்பரியின் பேராயராக்கினார். பெக்கெட்டோ சான்சலர் பதவியை விட்டு விலகிவிட்டார். ஒரே மனிதர் தடுப்பின் இருபுறமும் நிற்க முடியாது என்று அவர் கண்டிருக்கவேண்டும்.

அவர்கள் இருவரும் மோதிக்கொண்டதும் ஒரு சொல்லின் எல்லையைக் குறித்தே. 'கிளார்க்' என்று இன்று அலுவலக எழுத்தரைச் சொல்லுகிறோம். முதலில் அது திருப்பணியாளரைக் குறித்த சொல். திருப்பணியாளர் ஒருவர் கொலையோ திருட்டோ செய்தால் அவரைச் சபையின் நீதிமன்றமே விசாரித்தது. அங்கே மரணதண்டனை கிடையாது. சபை அவருடைய பட்டத்தைப் பறித்தபின் அரசின் நீதிமன்றம் அவரைத் தண்டிக்கவேண்டும் என்றார் அரசர். ஒரு குற்றத்துக்கு இரண்டு தண்டனை ஆகாது என்றார் பெக்கெட். 1170 டிசம்பர் 29 ஆம் நாள் அரசருடைய வீரர் நால்வர் அவரை அவருடைய பேராலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். ஷெரீஃபுகள் விசாரிக்கப்பட்ட அதே ஆண்டு.

பெக்கெட்டின் இரத்தத்தால் நிலைத்த அந்தச் சலுகை பிற்காலத்தில் எடுத்த வடிவத்தை அவரே பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! திருப்பணியாளர் என்பதற்கு அடையாளம் வாசிக்கத் தெரிந்திருப்பது என்று ஆயிற்று. குற்றவாளியின் கையில் சங்கீதப் புத்தகத்தைக் கொடுப்பார்கள். வாசித்தால் கழுத்து தப்பும். பெரும்பாலும் கொடுக்கப்பட்டது 51 ஆம் சங்கீதத்தின் முதல் வசனம். எழுத்தறியாதவர்களும் அதை மனப்பாடம் செய்து கொண்டு வந்தார்கள். மக்கள் அதற்குக் 'கழுத்து வசனம்' என்றே பெயர் வைத்தார்கள். நாடகாசிரியர் பென் ஜான்சன் 1598 இல் ஒருவரைச் சண்டையில் கொன்றுவிட்டு, இந்தச் சலுகையால் தூக்குமேடைக்குத் தப்பி, கட்டைவிரலில் சூட்டுக்குறியோடு வெளியே வந்தார். 1827 இல்தான் இச்சலுகை முற்றிலும் நீக்கப்பட்டது. தாவீது நொறுங்குண்ட இருதயத்தோடு இரக்கம் கேட்ட சங்கீதம், நொறுங்காத இருதயங்கள் பலவற்றைக் கயிற்றிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. அந்த வசனத்தை ஒப்புவித்தவர்களில் ஒரு சிலராவது வாய் சொன்னதை உள்ளத்திலும் சொல்லியிருப்பார்கள் என்று நம்ப விரும்புகிறேன்.

இனித் திருச்சபையின் மூன்று முதன்மையான பெயர்கள். 'பிஷப்' என்பது கிரேக்க 'எபிஸ்கோபோஸ்', மேற்பார்க்கிறவர். 'பிரீஸ்ட்' என்பது 'பிரெஸ்புதெரோஸ்', மூத்தவர். 'டீக்கன்' என்பது 'தியாகோனோஸ்', பணிவிடைக்காரர். கிரேக்க ஒலி ஆங்கில நாவில் உருண்டு தேய்ந்தபோது, உள்ளிருந்த பொருளும் கேட்பவர் காதுக்கு எட்டாமற் போயிற்று. 'பிஷப்' என்றவுடன் ஓர் ஆங்கில விவசாயிக்கு மேற்பார்க்கும் கண் நினைவுக்கு வராது. தொப்பியும் கோலும் அரண்மனையும் வரும். ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆல்ஃபிரட் மன்னர் இதை உணர்ந்திருந்தார் போலும். போதகரின் கடமைகளைப் பற்றிப் போப் கிரெகொரி இலத்தீனில் எழுதிய நூலை அவர் தம் மக்களின் மொழிக்குக் கொண்டுவந்து, ஒவ்வோர் ஆயருக்கும் ஒரு பிரதி அனுப்பிவைத்தார். அதற்கு அவர் ஆங்கிலத்தில் சொன்ன பெயர் 'மேய்ப்பன் புத்தகம்'.

இந்தப் பொருளை மீட்கப் போனவருடைய கதை துயரமானது. வில்லியம் டிண்டேல் 1526 இல் ஜெர்மனியில் அச்சிட்ட ஆங்கிலப் புதிய ஏற்பாட்டில், 'பிரெஸ்புதெரோஸ்' வரும் இடத்தில் 'பிரீஸ்ட்' என்று எழுதவில்லை. 'சீனியர்' என்று எழுதினார். 1534 பதிப்பில் அதையும் மாற்றி 'எல்டர்', மூப்பர் என்றார். 'சர்ச்' என்பதற்குப் பதிலாக 'காங்கிரிகேஷன்', கூடிவரும் சபை என்றார். இன்று நமக்கு இதில் குற்றம் எதுவும் தோன்றாது. சர் தாமஸ் மோர் 1529 இல் எழுதிய நூலில் இந்தச் சொற்களையே பெருங்குற்றமாகச் சாட்டினார். பீடத்தருகே பலிசெலுத்தும் குருவானவர் வெறும் வயது மூத்தவராகிவிட்டால் முழு அமைப்பும் சரிந்துவிடும் என்று அவர் கண்டது தவறான கணிப்பு அன்று; டிண்டேலின் நோக்கமும் ஏறத்தாழ அதுவே. இரண்டு பேரும் மேதைகள். ஒரு சொல்லில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதை இருவரும் அறிந்திருந்தார்கள்.

அதே 1529 இல் மோர் நாட்டின் சான்சலரானார். எட்டாம் ஹென்றி தம்மை இங்கிலாந்துச் சபையின் 'மேலான தலைவர்' என்று அறிவித்தபோது, மோர் அந்தப் பட்டத்தை வாயால் ஒப்புக்கொள்ள மறுத்து 1535 இல் தலை வெட்டப்பட்டார். டிண்டேல் 1536 இல் பிரசல்ஸ் அருகே கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டார். ஒருவர் ஒரு பட்டத்தைச் சொல்ல மறுத்தார். மற்றவர் ஒரு பட்டத்தின் பொருளைச் சொன்னார். சபைக்குக் கிறிஸ்துவே தலை என்ற உறுத்தல் பின்னும் இருந்திருக்கவேண்டும். 1559 இல் முதலாம் எலிசபெத்தின் காலத்தில் அந்தப் பட்டம் 'மேலான ஆளுநர்' என்று மாற்றப்பட்டது. இன்றைய மன்னருக்கும் அதுவே பட்டம்.

ஜேம்ஸ் மன்னர் புதிய மொழிபெயர்ப்புக்கு ஆணையிட்டபோது, மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தரப்பட்ட விதிகளில் ஒன்று, பழைய சபைச் சொற்களை மாற்றக்கூடாது என்பது. 'சர்ச்' என்பதை 'காங்கிரிகேஷன்' ஆக்கக்கூடாது என்று உதாரணமும் காட்டியிருந்தார்கள். டிண்டேல் இறந்து எழுபது ஆண்டுகள் நெருங்கியும் அவருடைய ஒரு சொல்லுக்கு அவர்கள் அஞ்சினார்கள்! அந்த மன்னருடைய குலப்பெயரையும் கவனியுங்கள். 'ஸ்டூவர்ட்' என்பது 'ஸ்டூவர்ட்' என்ற பதவியே: மாளிகையின் காரியங்களைக் கவனிக்கும் உக்கிராணக்காரன். ஸ்காட்லாந்து அரசர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக அந்தப் பணியைச் செய்த குடும்பம் 1371 இல் தானே அரியணை ஏறியது. உக்கிராணக்காரர் வீட்டுக்காரரான கதை. 1 கொரிந்தியர் 4 ஆம் அதிகாரத்தில் பவுல் தம்மையும் தம் உடன் ஊழியரையும் எந்தப் பெயரால் எண்ணச் சொல்லுகிறார் என்பதை உங்கள் வேதாகமத்தில் திறந்து பாருங்கள்.

நம் தமிழ் வேதாகமத்தில் இந்தச் சொற்கள் எப்படி வந்திருக்கின்றன? அப்போஸ்தலர் 20:17 இல் பவுல் எபேசு சபையின் மூப்பரை அழைக்கிறார். 28 ஆம் வசனத்தில் அதே ஆட்களைக் கண்காணிகள் என்கிறார். ஆங்கிலத்தில் 1611 மொழிபெயர்ப்பு இங்கே 'மேற்பார்வையாளர்' என்றும், 1 தீமோத்தேயு 3 இல் அதே கிரேக்கச் சொல்லுக்குப் 'பிஷப்' என்றும் எழுதிப் பிரித்துவிட்டது. தமிழ் வேதாகமமோ இரண்டு இடத்திலும் கண்காணி என்ற ஒரே வேரிலிருந்து பேசுகிறது. டீக்கனுக்கு அது தரும் பெயர் உதவிக்காரர். இந்தத் தெளிவு நமக்குக் கிடைத்த பெரிய கொடை. ஆனால் சொற்கள் எங்கும் தூய்மையாக இருப்பதில்லை. இலங்கையின் மலைத்தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் நம் மக்களை அழைத்துச் சென்றவர்களும் கங்காணிகளே. ஊரிலிருந்து ஆள் சேர்த்து, முன்பணம் கொடுத்து, வேலையை மேற்பார்த்து, கடன் கணக்கையும் கையில் வைத்திருந்தவர்கள் அவர்கள். ஆங்கிலத் துரைமார் அந்தச் சொல்லைத் தங்கள் மொழியிலேயே சேர்த்துக்கொண்டார்கள். கடனில் மூழ்கிய ஒரு தோட்டத் தொழிலாளி ஆலயத்தில் அமர்ந்து எபேசுவின் கண்காணிகளைப் பற்றிக் கேட்டபோது அவர் உள்ளத்தில் எந்த முகம் எழுந்திருக்கும்? நம்முடைய மூப்பர்களும் செயலரும் பொருளாளரும், அவர்களோடு இதை எழுதுகிற நானும், இந்தக் கேள்வியை வாக்குப்பெட்டிக்கு முன்பாகவே எதிர்கொள்ளவேண்டும் என்று நினைக்கிறேன்.

'சாப்ளின்' என்ற பெயரையும் விட்டுவிட மனமில்லை. ரோமப் படைவீரனாயிருந்த மார்ட்டின், குளிரில் நடுங்கிய ஒரு பிச்சைக்காரனுக்குத் தன் மேலங்கியை வாளால் இரண்டாகக் கிழித்துப் பாதியைக் கொடுத்தார் என்பது பழம் வரலாறு. அந்த மேலங்கி என்று நம்பப்பட்ட துணியைப் பிராங்கிய அரசர்கள் பொக்கிஷமாக வைத்திருந்தார்கள். இலத்தீனில் அது 'காப்பெல்லா', சிறு மேலங்கி. அதைக் காத்த குருக்கள் சாப்ளின்கள். அதை வைத்திருந்த இடம் 'சேப்பல்'. கொடுக்கப்பட்ட பாதி பிச்சைக்காரனோடு போயிற்று. அதற்குக் காவலும் இல்லை, பதவியும் இல்லை.

கடைசியாக ஒரு பதவி, இன்றும் நடைமுறையில் இருப்பது. இங்கிலாந்து மன்னரின் தலைமைத் தருமகர்த்தர், பொதுவாக ஓர் ஆயர். பெரிய வியாழனுக்கு ஆங்கிலத்தில் 'மாண்டி' என்று பெயர். யோவான் 13:34 இல் ஆண்டவர் தந்த கட்டளையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அந்நாளில் அரசர்கள் ஏழைகளின் கால்களைக் கழுவி வந்தார்கள். தம் கையாலேயே கழுவியவர்களில் கடைசியானவர் பதினேழாம் நூற்றாண்டின் இரண்டாம் ஜேம்ஸ் என்று சொல்லப்படுகிறது. இப்போது கழுவுதல் இல்லை. மன்னரின் வயது எவ்வளவோ அத்தனை ஆண்களுக்கும் அத்தனை பெண்களுக்கும் சிறிய வெள்ளிக்காசுகள் கொடுக்கப்படுகின்றன. 2023 ஏப்ரல் 6 ஆம் நாள் யார்க் பேராலயத்தில் மூன்றாம் சார்லஸ் மன்னர் 74 ஆண்களுக்கும் 74 பெண்களுக்கும் அவற்றைக் கொடுத்தார். தருமகர்த்தரும் அவருடைய உதவியாளர்களும் அந்த ஆராதனையில் அங்கியின்மேல் வெள்ளைச் சணல்துணித் துவாலையைக் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாக அந்தத் துவாலை யாருடைய பாதத்தையும் துடைத்ததில்லை. ஆனாலும் அவர்கள் அதை இன்னும் அவிழ்த்து வைக்கவில்லை.